நாலு காப்பி

மறந்துபோன பாட்டை எப்படித் தேடுவீங்க? தேடணும்னா பேர் ஞாபகம் இருக்கணும். பேர் ஞாபகம் இருந்தா அது மறந்த பாட்டே இல்லையே! இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து ஷஃபிள்தாங்க.

ஆப்ல வர்ற ஷஃபிளைச் சொல்லலை. அது பெரும்பாலும் போன வாரம் நான் கேட்டதையே மாத்தி மாத்திப் போடுது. நான் சொல்றது, கையில இருக்கிற எம்பி3 மூட்டையைக் குலுக்கிப் போடுறதை. என்கிட்ட இருக்கிற மூட்டை எங்க சித்தப்பா சேர்த்தது. மொத்தம் 1,200 பாட்டு. ஒரு சிடியில நூத்தம்பது பாட்டு அடைச்சு விப்பாங்களே, அதுல இருந்து ஒண்ணொண்ணா ஏத்தினது. அவர் இறந்து மூணு வருஷம் ஆச்சு. ஹார்ட் டிஸ்க் என்கிட்ட வந்துச்சு, அப்படியே போன்ல ஏத்திக்கிட்டேன்.

ஒரு கணக்கு போட்டேன். பாட்டுக்கு அஞ்சு நிமிஷம்னா மொத்தம் 100 மணி நேரம். காலேஜ் பஸ்ல தினம் ஒரு மணி நேரம் கேட்டா, ஒரு சுத்து முடிய நூறு நாள். அதாவது செமஸ்டருக்கு ஒரு தடவைதான் ஒரு பாட்டு வரும். அதனாலதான் 'மௌன ராகம்' (1986) படத்துல எஸ்.பி.பி. பாடினது திடீர்னு வந்தா, பஸ்ல சீட் கிடைச்ச மாதிரி ஒரு சந்தோஷம் :)

"ஷஃபிள் ஒரே ஆளோட பாட்டையே அடுத்தடுத்துப் போடுது"ன்னு ஐபாட் வந்த காலத்துல நிறைய பேர் புலம்பினாங்க. 2005-ல ஆப்பிள் ஐட்யூன்ஸ்ல அதைக் கலைச்சுப் போட ஒரு வசதியே வெச்சது. ஆனா மூட்டையில கால்வாசி இளையராஜான்னா, ஒரு ராஜா பாட்டுக்கு அடுத்ததும் ராஜாவே வர நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு. தப்பு ஷஃபிள் மேல இல்லை.

இதெல்லாம் தெரிஞ்சும் ஒரு பாட்டு மட்டும் எனக்கு உதைச்சுது. 'கருத்தம்மா' (1994) படத்துல சுவர்ணலதா பாடி தேசிய விருது வாங்கின பாட்டு. சின்ன வயசுல சித்தப்பா ரூம்ல கேட்டது, சுத்தமா மறந்திருந்தேன். அது மாசத்துக்கு ஒரு தடவை வந்து நின்னுச்சு.

ஃபோல்டர் ஃபோல்டரா தோண்டினேன். 'நைட்', 'பயணம்', 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2'ன்னு நாலு இடத்துல, நாலு ஸ்பெல்லிங்ல அதே பாட்டு! வேற எந்தப் பாட்டும் ரெண்டு காப்பி கூட இல்லை.

சித்தப்பா அதிகம் பேச மாட்டார். எந்தப் பாட்டு பிடிக்கும்னு கேட்டா, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ம்பார். பாடின சுவர்ணலதா 2010-ல, 37 வயசுலயே போயிட்டாங்க. கேட்டவரும் போயிட்டார். அவருக்கு எது பிடிக்கும்னு சொல்றதுக்கு இந்த நாலு காப்பிதான் மிச்சம்.

இடம் பத்தலைன்னு போன் அப்பப்போ கேக்குது, "ஒரே மாதிரி ஃபைல்களை நீக்கவா?"ன்னு. வேண்டாம்னு அமுக்கிடுறேன்.

உங்க வீட்டுலயும் யாரோ சேர்த்து வெச்ச பழைய ஃபோல்டர் ஒண்ணு கட்டாயம் தூங்கிட்டு இருக்கும். ஒரு தடவை குலுக்கிப் பாருங்களேன்.