மீனுக்கும் ராத்திரி வேண்டும்!

நம் வீட்டுத் தொட்டி மீன்களுக்கு இமை கிடையாது. வெளிச்சம் இருந்தால் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. மீன்தொட்டிக்கு எல்.இ.டி விளக்கு வாங்குபவர்கள் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் கல்வராயன் மலை ஓடைகளில் மரநிழல் விழும் இடங்களைப் பாருங்கள். இலைகளுக்கு இடையே வடிகட்டித்தான் வெயில் தண்ணீரைத் தொடும். தொட்டியில் மீன் மட்டும் என்றால் அப்படி மிதமான வெளிச்சமே போதும். விளக்குக் கணக்கெல்லாம் செடிகளுக்காகத்தான்.

வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காமல் லூமென் எவ்வளவு என்று பாருங்கள். 50 லிட்டர் தொட்டியில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் வளர்க்க 1,000 லூமென் தாராளம். நிறம் 6,500 கெல்வின் இருக்கட்டும். பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையாக இருக்கும். தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் 'ஐ.பி 67' குறியீடு உள்ளதாக வாங்குவது நல்லது.

தினமும் 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடியில் பச்சைப்பாசி படரும். ஒரு டைமர் பிளக் மாட்டிவிட்டால் கவலையில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் பாட்டிக்கு மீன்தொட்டி விளக்குதான் நைட் லேம்ப். "மீன் தூங்க வேணாமா பாட்டி?" என்று கேட்டேன். "அட பாவமே!" என்றவர், அவரே எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.