சொற்கள் இருந்த அடைவு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காத்திருக்கும் மாணவனிடம் என்ன சொல்வது என்பதே வழியெல்லாம் நம் யோசனை.

சேர்வராயன் மலையில் பிறந்து, நம்மிடம் தமிழ் இலக்கியம் பயின்றவன். மலையாளிப் பழங்குடியினர் பேச்சில் (கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) செடிக்கும் மழைக்கும் மண்ணுக்கும் வழங்கும் சொற்களைத் தன் பாட்டியிடம் கேட்டுத் தொகுத்தான். தானே நிரலெழுதக் கற்று, சிறியதோர் அகராதி மென்பொருளும் ஆக்கினான். அதை உபுண்டுவில் நிறுவத்தக்க டெப் பொதியாகவும் கட்டினான். முதலில் சேர்த்த சொற்பட்டியல் பொதிக்குள்ளேயே இருந்தது. நிறுவியதும் அது யுஎஸ்ஆர் அடைவினுள் ஷேர் என்னும் உள்ளடைவில் போய் அமர்ந்தது. புதுச்சொல் சேர்க்க முயன்றபோது கணினி அனுமதி மறுத்தது. “கோப்பின் அனுமதியைத் திறந்துவிடேன்” என்றோம் நாம். திறந்தான். இரண்டாண்டுகள் அதிலேயே எழுதினான்.

பாட்டி மறைந்த அடுத்த மாதம் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினான். பொதியிலிருந்த பழைய பட்டியல், வளர்ந்திருந்த பட்டியலின்மேல் எழுதப்பட்டது. ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை.

கேட்காததில் கணினியின் பிழை ஏதுமில்லை. லினக்ஸில் எக்கோப்பு எங்கிருக்க வேண்டும் என்பதற்கு 1994லேயே ஒரு தரம் வகுக்கப்பட்டது, எஃப்.எச்.எஸ். என்னும் பெயரில் அதன் மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது. டெபியனும் அதன்வழி வந்த உபுண்டுவும் சில விலக்குகளோடு அதைப் பின்பற்றுகின்றன. அதன்படி யுஎஸ்ஆர் பொதிக்குரியது. நாம் படிக்கலாம், எழுதலாகாது. எட்ஸி அடைவில் இருப்பவை அமைப்புக் கோப்புகள். அவற்றில் நாம் செய்த மாற்றத்தைப் பொதிமேலாளர் கேளாமல் அழிப்பதில்லை. ஹோம் அடைவு பயனருடையது. அங்கே பொதி கைவைக்கலாகாது.

தொல்காப்பியம் நடத்துகிற நமக்கு இது விளங்கியிருக்க வேண்டும். திணைமயக்கத்தில் நிலம் மயங்காவிடினும் பொழுது மயங்கலாம், கருப்பொருளும் மயங்கலாம், உரிப்பொருள் மயங்காது. பாட்டியின் சொற்களை நாம் பிறன் நிலத்தில் வைக்கச் சொல்லியிருந்தோம். வகுப்பில் பாடம் சொல்ல வாய்க்கிறது. கணினிமுன் அமர்ந்தால் மறந்துபோகிறது.

ஏரிக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். மன்னிப்புக் கேட்டோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அது முடியாதுன்னு சொன்னப்பவே கேட்டிருக்கலாம், ஐயா” என்றான்.

இரண்டு நாள்கள் அவன் வீட்டில் தங்கிப் பொதியை மாற்றிக் கட்டினோம். கட்டினோம் என்பது மரியாதைக்கு, கட்டியவன் அவனே. அடிப்படைப் பட்டியல் யுஎஸ்ஆரில் பூட்டியே இருக்கும். பயனர் சேர்க்கும் சொற்கள் ஹோமிலுள்ள லோக்கல் என்னும் மறைவடைவினுள், அதன் ஷேர் அடைவில் சேரும். மென்பொருள் இரண்டையும் சேர்த்துப் படிக்கும். ஒரு சொல்லைச் சேர்த்தான், பதிப்பை உயர்த்தினான், பொதியை அடியோடு நீக்கி மீண்டும் நிறுவினான். சொல் இருந்தது.

பழைய குறிப்பேடு ஒன்றில் ஏறத்தாழப் பாதிச் சொற்கள் கிடைத்தன. மறுபாதிக்காக, பாட்டியின் தங்கை இருக்கும் ஊருக்கு அடுத்த நாள் காலை கிளம்பினான். குறிப்பேட்டை மறவாமல் எடுத்துக்கொண்டான்.