கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

வெள்ளி, சென்னை

பழைய சாமான் வாங்கப் போகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது அளவு நாடா. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டுச் சாய்வு நாற்காலியை அளந்துகொண்டிருக்கிறார். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், அப்பா உட்கார்ந்த நாற்காலி. ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதன் முன்விளிம்பு தரையிலிருந்து 15 அங்குலம். அதற்கு முன்னால் போட்டுக் கால் நீட்டிக்கொள்ள ஒரு பழைய குட்டை ஸ்டூல் வேண்டும். உயரம் 13, 14 அங்குலம் இருந்தால் சரி என்று நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறார்.

கால் வைக்கும் பலகை இருக்கையின் விளிம்புக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்ந்தோ இருந்தால்தான் கால் ஓய்வாகக் கிடக்கும். உயர்ந்துவிட்டால் முழங்காலுக்குப் பின்னால் இழுக்கும். மிகவும் தாழ்ந்துவிட்டால் நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்தும். சாப்பாட்டு மேசை நாற்காலிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதன் இருக்கை 17, 18 அங்குல உயரத்தில் இருப்பது வழக்கம். பழைய நாற்காலிகளில் பலவற்றுக்கு ஈரத்தில் உளுத்த கால் நுனியை அறுத்து எடுத்திருப்பார்கள். பார்வைக்குத் தெரியாது. நாடா வைத்தால்தான் தெரியும்.

சனி, காரைக்குடி

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாசலிலேயே எனாமல் தூக்குவாளிகள், பீங்கான் ஜாடிகள், சாமி படங்கள், தூண்கள், கதவு நிலைகள். உள்ளே போனால் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை ஏறி நிற்கின்றன.

இவ்வளவும் இங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்தார்கள். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. அந்த வருமானத்தில்தான் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்தன. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. விடுதலைக்குப் பின் அந்நாடு நிலங்களை அரசுடைமையாக்கியது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. தொழில் போனது. வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தன, பல இடிக்கப்பட்டன, உள்ளே இருந்த சாமான்கள் தெருவுக்கு வந்தன. இங்கே ஒரு ஸ்டூலை விலை பேசும்போது எதிரில் இருப்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு முறிந்த கதை. அதை மனதில் வைத்துப் பேரம் பேசுவது நல்லது.

கடைக்காரர் ஒரு குட்டை ஸ்டூலைத் துடைத்து முன்னால் வைக்கிறார். மினுமினுக்கிறது.

"நூறு வருஷத்துச் சாமான்மா. பெரிய வீட்டுல இருந்து வந்தது."

"இருக்கட்டும் தம்பி. கொஞ்சம் கவுத்துக் காட்டுங்க."

கவிழ்த்ததும் கதை மாறுகிறது. பலகையின் அடியில் வட்ட ரம்பத்தின் வளைகோடுகள் சீராக ஓடுகின்றன. கைரம்பத்தால் அறுத்திருந்தால் கோடுகள் நேராக, ஆனால் ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் விழுந்திருக்கும். மூலைகளில் நட்சத்திரத் தலைத் திருகாணி. அது 1930-களில்தான் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. ஒரு பக்கச் சட்டத்தில் எதற்கும் பயன்படாத செவ்வகத் துளை ஒன்று இருக்கிறது. முன்பு கதவுச் சட்டமாகவோ சன்னலாகவோ இருந்த மரம் அது. பழைய வீட்டு மரத்தில் புதிதாகச் செய்த ஸ்டூல். மரம் பழையது, உழைப்பு புதியது. இதையும் தாராளமாக வாங்கலாம். ஆனால் பழம்பொருளின் விலை கொடுத்து வாங்கக்கூடாது.

ஞாயிறு, அதே தெரு

பக்கத்துக் கடையில் வேறு ரகங்கள். தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கான சாய்வு மூடி போட்ட கணக்குப்பிள்ளை மேசையைக் காட்டி, "காலை நீட்டி வச்சுக்கலாம்மா" என்கிறார் விற்பவர். ஆசிரியை மறுத்துவிடுகிறார். எழுத்துக்காகச் செய்த மூடி, கால் பாரத்தைத் தாங்காது, கீல் பிய்ந்துவிடும். மணைகள் நிறைய இருக்கின்றன, எல்லாமே மூன்று நான்கு அங்குல உயரம். தரையில் உட்கார்ந்து பழகிய ஊரில் கால் வைப்பதற்கென்று தனிச் சாமான் அதிகம் செய்யப்படாததில் வியப்பில்லை.

பாதபீடம் அரியணையோடு சேர்ந்த பொருளாகத்தான் நெடுங்காலம் இருந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களில் அமர்ந்திருக்கும் அரசர்களின் பாதத்துக்குக் கீழே அதைப் பார்க்கலாம். எகிப்தில் 1922-இல் திறக்கப்பட்ட தூத்தன்காமன் கல்லறையிலிருந்து கிடைத்த பாதபீடங்களில் பகைவர்களின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது; மன்னர் கால் வைக்கும்போதெல்லாம் அவர்களை மிதிப்பதாகப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. அங்கே குளிர்ந்த தரையிலிருந்து காலைக் காப்பது அதன் வேலை. அதனால்தான் அக்காலத்து ஆங்கிலக் கால்மணைகள் பலவும் மிகக் குட்டை. சாய்வு நாற்காலிக்குப் பொருந்துவதில்லை.

நம் பக்கத்துத் தேயிலை, காப்பித் தோட்டத்து பங்களாக்களில் கால் நீட்டும் தேவையை நாற்காலியே தீர்த்து வைத்தது. பிளான்டர்ஸ் சேரின் கைகளுக்கு அடியில் மடக்கி வைத்த பலகைகள் முன்னால் திரும்பி நீளும். இரண்டு காலையும் அவற்றின்மேல் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது அந்தப் பலகைகளை முழுக்க நீட்டி அழுத்திப் பார்க்க வேண்டும். சுழலும் ஆணியைச் சுற்றி மரம் வெடித்திருந்தால் அது காட்சிக்கு மட்டும்தான்.

அந்தக் கடையின் மூலையில் வளைந்த முதுகுள்ள நாற்காலிகள். மும்பை இரானி கஃபேக்களில் உட்கார்ந்தவர்களுக்குப் பழக்கமான வடிவம். மிக்கேல் தோனெட் 1859-இல் உருவாக்கிய 14-ஆம் எண் நாற்காலியின் வம்சம் இது. பீச் மரக்கழியை நீராவியில் வேகவைத்து வளைத்துச் செய்தார். மொத்தம் 6 துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1869-இல் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இதே வடிவத்தைச் செய்யத் தொடங்கின. ஆகவே வடிவத்தை வைத்து தோனெட் என்று சொல்லிவிட முடியாது. இருக்கை வளையத்தின் உட்புறம் முத்திரையோ காகித லேபிளோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திங்கள், கடைசிக் கடை

தேடியது இங்கே கிடைக்கிறது. தேக்கில் செய்த குட்டை ஸ்டூல், 14 அங்குலம், மேலே பிரம்பு கிழிந்து தொங்குகிறது. கவிழ்த்தால் சட்டத்தின் முனை நாக்குபோலச் செதுக்கப்பட்டு, காலில் உள்ள துளைக்குள் இறங்கி, மர ஆணியால் நிறுத்தப்பட்டிருக்கிறது. கடைந்த கால் ஒன்றின் குறுக்களவை இரண்டு திசையில் அளந்தால் சிறு வித்தியாசம். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. வட்டமாகக் கடைந்த கால் காலப்போக்கில் லேசாக நீள்வட்டமாகும்.

ஒரு காலில் ஊசித்துளைகள் இருக்கின்றன. தேக்கின் வைரத்தைப் பூச்சி தொடுவதில்லை, வெளிறிய வெளிமரத்தைத் தின்றுவிடும். துளையின் உட்புறம் கறுத்திருந்தால் பழைய சேதம். வெளுப்பாக இருந்து மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. இங்கே கறுப்பு. கையால் தட்டியும் மாவு விழவில்லை.

"பாலிஷ் போட்டுத் தரட்டுமாம்மா? புதுசு மாதிரி ஆயிடும்."

"வேண்டாம் தம்பி. உப்புத்தாள் போடாம அப்படியே கொடுங்க."

பழைய மெருகு பெரும்பாலும் சாராயத்தில் கரைத்த அரக்கு. பஞ்சில் சிறிது ஸ்பிரிட் நனைத்து அடிப்பக்கம் தொட்டால் அரக்குப் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் பல்லாண்டுக் கைபட்ட நிறமும் சேர்ந்து போய்விடும், திரும்ப வராது. ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, மெழுகு பூசினால் போதும்.

அடுத்த வாரம், சென்னை

பிரம்பு பின்னுபவர் வீட்டுக்கே வருகிறார். பார்வையற்றவர், பயிற்சி நிலையத்தில் இந்த வேலையைக் கற்றவர். நாற்காலி பின்னுதல் பார்வையற்றோருக்குத் தொழிற்பயிற்சியாக நெடுங்காலமாகக் கற்றுத்தரப்படுகிறது. அரசு அலுவலகங்களின் நாற்காலிகள் பலவற்றைப் பின்னியவர்களும் அவர்களே.

தண்ணீரில் ஊறிய பிரம்பு நாரை விரலால் வருடி, மினுங்கும் பக்கம் மேலே வருகிறதா என்று அறிகிறார். சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளில் முதலில் நீளவாக்கில் ஒரு சுற்று, அதன்மேல் குறுக்கே ஒன்று, மீண்டும் நீளவாக்கில், பிறகு குறுக்கே மேலும் கீழுமாகக் கோத்து ஒன்று. கடைசியில் இரண்டு மூலைவாட்டில் ஓட்டும்போது எட்டு மூலைக் கண்கள் திறக்கின்றன. அவிழாமல் இருக்க, துளைகளில் சிறு மர ஆப்புகள். காயும்போது பின்னல் தானாக இறுகிக்கொள்ளும். பின்னாளில் தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணி ஒற்றிக் காயவிட்டால் ஓரளவு நிமிரும்.

வெளிநாட்டில் இருக்கும் தங்கை இதேபோல் ஒன்றை அனுப்பச் சொல்கிறார். அது அவ்வளவு எளிதல்ல. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி மரச் சாமானுக்கு 2017 முதல், அந்த மரம் அடங்கிய டல்பெர்ஜியா பேரினம் முழுவதற்குமான சர்வதேச வணிகக் கட்டுப்பாடும் உண்டு. சண்டிகருக்காக 1950-களில் பியேர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகள் கழிவுச் சாமானாக ஏலம் போய் ஐரோப்பாவில் பெரும் விலைக்கு விற்கப்பட்ட பிறகே, 2011-இல் மத்திய உள்துறை அவற்றின் விற்பனைக்குத் தடை போட்டது. இன்று அவற்றின் போலிகளும் சந்தையில் ஏராளம்.

பழைய இருக்கை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையோடு பின்னல் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிழிந்த பிரம்பைக் கண்டதும் நைலான் நாடாவுக்கோ ரெக்சினுக்கோ மாறிவிடாதீர்கள். உங்கள் ஊரில் பார்வையற்றோர் பயிற்சி நிலையம் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும்.