இஸ்திகாராவுக்குப் பின் கனவு வரவில்லை



மதரஸாவில் பல ஆண்டுகளாகத் தவக்குல் பற்றிய பாடத்தை நடத்தி வருகிறேன். அப்பாடத்தில் எனக்கே ஒரு நாள் தேர்வு வைக்கப்படும் என்று எண்ணியதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் விளையும் நோய் அது. 2001இல் இமாடினிப் மாத்திரை புழக்கத்திற்கு வந்தபின் இந்நோயாளிகளில் பெரும்பாலோர் மாத்திரையுடனேயே நெடுங்காலம் வாழ்கின்றனர். நானும் ஐந்தாண்டுகள் அவ்வாறே வாழ்ந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற ஆண்டு நோயின் அளவு மீண்டும் ஏறியது. மாற்று மாத்திரையும் பலிக்கவில்லை. டி315ஐ என்னும் மரபணுத் திரிபு தோன்றியிருந்ததே காரணம். அதையும் அடக்கவல்ல மாத்திரை ஒன்று உண்டு. ஆனால் அது இரத்தக் குழாய்களை அடைக்கக்கூடும். எனக்கோ நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளன. மற்றொரு வழி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. உடன்பிறந்தவர் ஒருவரின் அணுக்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். என் தங்கையின் அணுக்கள் பொருந்தின. எனினும், அவை என் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கலாம். கிருமித் தொற்றால் உயிரும் போகலாம். நோய் முற்றிய பின் செய்தால் பலன் குறைவு என்பதால் மருத்துவர் விரைந்து முடிவெடுக்கச் சொன்னார்.

உறவினர் சிலர், "அல்லாஹ் நாடியதே நடக்கும். கருஞ்சீரகமும் ஓதிய தண்ணீரும் போதும்" என்றனர். அச்சொல் எனக்கு இனித்தது. முடிவெடுக்கும் சுமையிலிருந்து அது என்னை விடுவித்தது. என் அச்சத்திற்கு நான் தவக்குல் என்று பெயர் சூட்டியிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இஸ்திகாரா தொழுதேன். கனவு எதுவும் வரவில்லை. மீண்டும் தொழுதேன்; அப்போதும் வரவில்லை. இஸ்திகாராவின் துஆவில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். இருந்தும் இரவுதோறும் கனவுக்காகக் காத்திருந்தேன்.

அந்நாட்களில் ஒரு வகுப்பில் உமர் (ரலி) அவர்களின் ஷாம் பயணத்தை நடத்த நேர்ந்தது. ஸர்ஃக் என்னுமிடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவியுள்ள செய்தி அவர்களுக்கு எட்டியது. முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள், கருத்துகள் வேறுபட்டன. அன்சாரிகளிடமும் அவ்வாறே. குறைஷிப் பெரியவர்கள் திரும்பிவிடலாம் என்றனர். உமர் (ரலி) திரும்ப முடிவெடுத்தார்கள். அது இறைவிதியிலிருந்து ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்று விளக்கினார்கள். இதற்குரிய நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து அறிவித்தது அதன் பிறகுதான்.

அந்த வரிசையை நான் அதுவரை கவனித்ததில்லை. முடிவு முன்னே வந்தது. உறுதிப்பாடு பின்னே வந்தது. அறிந்தவர்களிடம் கேட்டு, கிடைத்த அறிவைக் கொண்டு, அல்லாஹ்வை நம்பி அடியெடுத்து வைத்தார்கள். நானோ உறுதிப்பாட்டை முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே தங்கையிடம் பேசினேன். ஐந்து நாள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், பின்னர் கை நரம்பு வழியாகச் சில மணி நேரம் அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள் என்று விளக்கினேன். அவள், "காக்கா, இதைக் கேட்கவா இத்தனை நாள் தயங்கினீங்க?" என்றாள்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்கிறேன். கடன்களைத் தீர்த்துவிட்டேன். வஸிய்யத் எழுதி வைத்துவிட்டேன். நெடுநாள் நிலுவையில் இருந்த மஹரை மனைவியிடம் ஒப்படைத்தபோது அவள் அழுதாள். அச்சம் முழுமையாக நீங்கிவிடவில்லை. ஆனால் அதை இப்போது அதன் சொந்தப் பெயரிலேயே அழைக்கிறேன்.

உங்கள் துஆக்களில் என்னையும் என் தங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன்.