மறையூர்ச் சரிவில் புல்தைலம்

மூணாறு பார்க்கச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களையும் மூடுபனியையும் கண்டு களித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். உடுமலைப்பேட்டைச் சாலையில் வாகுவாரை, தலையாறு எஸ்டேட்டுகளைக் கடந்து நாற்பது கிலோமீட்டர் இறங்கினால், தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை ஆனைமுடியும் அதன் உடன்பிறந்த சிகரங்களும் தடுத்துக்கொள்ள, மிச்சத்தை மட்டும் பெற்று வாழ்கிற வேறொரு சீமை தொடங்குகிறது. அதுதான் மறையூர். அதற்கும் கீழே சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. ஆட்சியால் கேரளமாயினும் அங்குள்ள மண்ணும் முள்ளும் வெயிலும் கொங்குநாட்டைச் சேர்ந்தவை. பாம்பாறும் கேரளத்து நதிகளின் பொதுவழக்கத்துக்கு மாறாகக் கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலந்துவிடுகிறது.

மறையூர் என்றால் சந்தனம் என்பார்கள். சில ஆண்டுகளாக, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதன் வெல்லத்தையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். நான் தேடிப் போனதோ சந்தனத்தையுமன்று, வெல்லத்தையுமன்று. சந்தன மரங்களைச் சுற்றிக் கம்பிவேலியும் காவலும் இருக்க, அதே மலைச்சரிவுகளில் வேலியும் காவலுமின்றி ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிற ஒரு புல்லை அறுத்து, காட்டோடையின் நீரையும் காட்டு விறகையும் கொண்டே உலகச் சந்தைக்குரிய ஒரு ரசாயனப் பதார்த்தத்தை வடித்தெடுக்கிறவர்களைப் பார்ப்பதே என் நோக்கமாயிருந்தது. தாவர சாஸ்திரத்தார் அதனைச் சிம்போபோகன் ஃப்ளெக்சுவோசஸ் என்பர். நாம் எலுமிச்சைப் புல் என்கிறோம். தைலத்துக்கு மலையோரத்தில் வழங்கும் பெயர் புல்தைலம். ஒரு காலத்தில் அது கொச்சித் துறைமுகம் வழியாகவே கப்பலேறியதால், லண்டன் வர்த்தகர்களிடையே கொச்சித் தைலம் என்றே பெயர் பெற்றிருந்தது.

இதை வடிக்கிறவர்கள் முதுவர்களும் மலைப்புலையர்களும். பாண்டி நாட்டிலே மதுரையை விட்டுப் புறப்பட்டு, தம் தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்களின் வழிவந்தோர் தாம் என்பது முதுவர்களின் ஐதிகம். அவர்கள் பேச்சில் தமிழ் அதிகமும் மலையாளம் கொஞ்சமுமாகக் கலந்து வருகிறது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடம் இந்த மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு, அவற்றுக்குக் கண்ணன் தேவன் மலைகள் என்று பெயர் நிலைத்ததே, அந்தக் கண்ணனும் தேவனும் முதுவர்களின் தலைவர்கள் என்று சொல்வதுண்டு. தம் பெயரைத் தேயிலைப் பொட்டலத்துக்குக் கொடுத்துவிட்ட அந்த ஜாதியார், அந்தத் தேயிலை வளராத வறண்ட சரிவுகளில் இன்று புல்லை அறுத்து ஜீவனம் செய்கிறார்கள்.

வனத்துறையாரிடம் அனுமதி பெற்று, அவர்களுடைய காவலர் ஒருவர் வழிகாட்ட, சின்னாற்றுப் பக்கத்துக் குடி ஒன்றுக்கு நான் சென்றேன். குடிக்கும் கீழே, ஓடை ஒரு பாறையைச் சுற்றி வளைகிற இடத்தில் தைலக் கொட்டகை இருந்தது. நாலு கால், மேலே புல்வேய்ந்த கூரை, சுவர் கிடையாது. நடுவே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பின்மேல், கழுத்தளவு உயரமுள்ள ஓர் இரும்புக் கொப்பரை. அதன் வாயைப் பொருத்தி மூடுகிற கூம்பு மூடி. மூடியின் உச்சியிலிருந்து சாய்வாக இறங்கி, ஓடைநீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வழிகிற தொட்டிக்குள் மூழ்கி, அப்பால் வெளிவந்து ஒரு தகரப் பாத்திரத்தில் முடிகிற குழாய். நம் சித்த வைத்தியர்கள் தீநீர் இறக்குவதற்கு வைத்திருந்த வாலை இயந்திரத்துக்கும் இதற்கும் தத்துவத்தில் அணுவளவும் பேதமில்லை. இதை நிறுவப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. தண்ணீர் வற்றாத இடம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

முதல்நாள் அறுத்துப் போட்டிருந்த புல், கொட்டகை நிழலில் வாடிக் கிடந்தது. பச்சையாகவே போட்டால் என்ன என்று கேட்டேன். கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "பச்சையாப் போட்டா கொப்பரை கொஞ்சத்துல நெறஞ்சிரும் சார். வாடினா அமுக்கி நெறைய வைக்கலாம். வெறகு ஒண்ணுதானே எரியப்போகுது?" என்றார். ஒருநாள் வாடவைத்தால் புல்லின் நீர் குறையும், எண்ணெய் பெரும்பாலும் நிற்கும், எனவே ஒரே விறகுக்கு அதிகத் தைலம் கிடைக்கும் என்று விவசாய நூல்கள் ஒரு பத்தியில் எழுதுவதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். அறுப்பிலும் ஒரு கிரமமுண்டு: தூரோடு சேர்த்து அறுத்தால் அடுத்த தழைப்பு குன்றும் என்பதால், தரையிலிருந்து ஒரு சாண் விட்டே அரிவாளை வைக்கிறார்கள். கோடையில் புல்மேட்டுக்குத் தீயிட்டு, மழை விழுந்ததும் வருகிற புதுத்தளிருக்காகக் காத்திருப்பது பழைய நாளைய வழக்கம். சரணாலயத்தில் அதற்கு இப்போது இடமில்லை.

கொப்பரையின் அடியில் தண்ணீர், அதன்மேல் சல்லடைத் தட்டு, தட்டின்மேல் புல் என்று அடுக்கி, இரண்டு பேர் ஏறி நின்று மிதித்து அமுக்கி, மூடியை வைத்து, இடுக்கு வழியே ஆவி போகாதபடி மூடியின் சுற்றுக்கு ஈரமண் பூசினார்கள். தீ மூட்டியவர் கொட்டகைக்குப் பொறுப்பான பெரியவர். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குழாயின் வாயில் முதலில் வெறும் காற்றும், பிறகு துளித்துளியாக நீரும், அப்புறம் நீரோடு மஞ்சள் நிறமான ஒரு மெல்லிய படலமும் இறங்கத் தொடங்கின. தைலம் நீரைவிட இலேசானது. தகரப் பாத்திரத்தில் அது மேலே மிதந்து திரள, அடியிலிருந்து மேல்நோக்கி வளைந்த ஒரு சிறு மூக்கின் வழியாக நீர் தானே வெளியேறிக்கொண்டிருந்தது. வெளியேறிய நீரையும் வீணாக்காமல் ஒரு குடத்தில் பிடித்து, அடுத்த ஈட்டுக்குக் கொப்பரையிலேயே ஊற்றுகிறார்கள். அதில் கரைந்துநிற்கும் சிறிது தைலமும் அப்படித் திரும்பிவருகிறது.

இந்தத் தைலத்தில் முக்காற்பங்குக்கு அமைந்திருக்கும் சிட்ரால் என்ற திரவம் தனியே கொதிக்க வேண்டுமானால் ஏறத்தாழ 229 டிகிரி உஷ்ணம் வேண்டும். அவ்வளவு சூட்டில் அது கெட்டும் போகும். நீராவியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் 100 டிகிரிக்கு உட்பட்டே அது எழுந்து வந்துவிடுகிறது. ரசாயன மாணவன் சூத்திரம் எழுதி நிரூபிக்கிற இந்த ரகசியத்தின்மேல்தான் காட்டுக் கொட்டகையின் ஜீவனம் முழுவதும் நிற்கிறது. பெரியவரோ தீயிலேயே கண்ணாயிருந்தார். "தீ அவசரப்பட்டா அடி கருகும். அடி கருகினா தைலம் கறுக்கும். கறுத்தா யாவாரி மொகம் சுளிப்பான்" என்றார். மூன்று மணி நேரத்துக்கு மேலானபின், மூதாட்டி குழாயின் வாயில் விரலை நீட்டி ஒரு துளியை வாங்கி மோந்து பார்த்து, "இனிமே தண்ணி வாசந்தான்" என்று சொல்ல, அடுப்பிலிருந்து கொள்ளிகளை இழுத்துவிட்டார்கள்.

நூறு கிலோ புல்லுக்கு முந்நூறு முதல் ஐந்நூறு கிராம் தைலம்: இதுவே பொதுவான கணக்கு. இரண்டு ஆட்கள் வெயிலில் அறுத்து, தலைச்சுமையாகச் சரிவில் இறக்கி, மிதித்து, எரித்து, காத்திருந்து பெற்றதெல்லாம் ஒரு சீசாவுக்குள் அடங்கிவிட்டது. அதில் பெருஞ்செலவு விறகு. சாரம் போன புல்லை உலர்த்தி மறுநாள் அடுப்புக்கே இடுவதால் அந்தச் செலவு ஓரளவு குறைகிறது. மறையூர் வெல்லக் கொட்டகைகளில் கரும்புச் சக்கையை எரித்தே கரும்புச்சாற்றைக் காய்ச்சுகிற அதே சிக்கனம் இது. எஞ்சிய சக்கை கத்தரிச் செடிகளுக்கு அடியில் மூடாக்காகக் கிடந்தது.

இந்தச் சீசா எங்கே போகிறது? சோப்புக்கும் தரை கழுவும் திராவகங்களுக்கும் கொசுவை விரட்டும் தைலங்களுக்கும் போகிறது என்பது யாவரும் அறிந்தது. அதற்கப்பால் ஒரு கதையுண்டு. 1893இல் ஜெர்மனியில் டீமன், குரூகர் என்ற இரு ரசாயன விற்பன்னர்கள் வயலட் மலரின் வாசனையைத் தேடிப் புறப்பட்டு, சிட்ராலை அசிட்டோனுடன் காரத்தில் சேர்த்து, பிறகு அமிலத்தால் மடக்கி, அயனோன் என்ற பொருளைப் பெற்றார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைக்குட்டையில் மணந்த செயற்கை வயலட்டுக்குப் புல்தைலம் மூலப்பொருளாயிற்று. 1947இல் ஸ்விட்ஸர்லாந்தின் ரோஷ் கம்பெனியைச் சேர்ந்த ஓட்டோ இஸ்லரும் அவர் கூட்டத்தாரும் அயனோனிலிருந்து ஏ வைட்டமினைக் கட்டியெழுப்பும் மார்க்கத்தைக் கண்டபோது, குழந்தைகளின் கண்பார்வைக்கு வேண்டிய ஊட்டத்துக்கும் இதே புல் ஆதியாயிற்று. திருவிதாங்கூர் மலைகளில் இந்தத் தொழில் செழித்ததும், பெரும்பாவூருக்கருகே ஓடக்காலியில் 1951இல் எலுமிச்சைப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும் அந்தக் கிராக்கியின் காலத்தில்தான். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட சுகந்தி என்னும் ரகம் இன்றும் பயிராகிறது.

பிறகு குவாத்தமாலா போட்டிக்கு வந்தது. சீனத்து லிட்சியா காய்த் தைலம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோலியத்தில் பிறக்கிற ஐசோபியூட்டீனையும் ஃபார்மால்டிஹைடையும் கொண்டு சிட்ராலை ஆலையிலேயே டன் கணக்கில் செய்யக் கற்றார்கள். அந்த ஆலைகளும் சாஸ்வதமானவையல்ல. 2024 ஜூலை 29இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பி.ஏ.எஸ்.எஃப். ஆலையின் ஒரு பகுதியில் தீப்பிடித்தபோது, ஏ வைட்டமினும் சில வாசனைப் பொருள்களும் வாக்களித்தபடி கொடுக்க இயலாது என்று அந்தக் கம்பெனி கைவிரிக்க நேர்ந்தது. இதனால் முதுவர் குடிகளுக்கு நல்ல காலம் பிறந்துவிடும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆலையின் அளவெங்கே, இரும்புக் கொப்பரையின் அளவெங்கே! இயற்கைத் தைலம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வாசனைத் திரவியக்காரர்களும் சோப்புக்காரர்களும் இருக்கிறவரையில் இதற்கு ஓரிடம் உண்டு என்பதுமட்டும் நிச்சயம்.

என் மனத்தை உறுத்தியது வேறொன்று. தைலத்தின் விலையை நிர்ணயிப்பது அதிலுள்ள சிட்ராலின் சதவீதம். அந்தச் சதவீதம் இன்னதென்று வடித்தவருக்குத் தெரியாது. வனத்துறை மறையூரில் பழங்குடியினருக்காக ஏற்படுத்திய 'சில்லா' என்னும் ஏலச் சந்தை வந்தபின், நாலுபேர் கேட்க விலை கூறும் வாய்ப்பு உண்டாகியிருக்கிறது. அது பெரிய காரியம். ஆனால் குடியின் வாசலுக்கே வந்து வாங்குகிற வியாபாரி ஒருவர், சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, "போன தடவை மாதிரி இல்லையே" என்று ஒரு சொல் சொல்ல, பெரியவர் மறுபேச்சின்றி விலையைக் குறைத்துக்கொண்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். தீயின் குணமும் புல்லின் பதமும் அறிந்த அவருக்கு அந்த ஒரு சொல்லை மறுக்க ஆதாரமில்லை.

அந்த ஆதாரம் எட்டாத பொருளுமன்று. கழுத்தில் அளவுக்கோடுகள் இட்ட காசியா குடுவை என்ற கண்ணாடிப் பாத்திரத்தில் பத்து மில்லிலிட்டர் தைலத்தை விட்டு, விலை மலிவான சோடியம் பைசல்ஃபைட் உப்பின் சூடான கரைசலை ஊற்றிக் குலுக்கினால், சிட்ரால் உப்போடு சேர்ந்து நீரில் கரைந்துவிடும். கரையாத மிச்சம் மேலே கழுத்தில் வந்து நிற்கும். மிச்சம் இரண்டரை மில்லிலிட்டரானால் சிட்ரால் எழுபத்தைந்து சதவீதம். மண்ணெண்ணெய் கலந்த தைலமா என்றறிய எழுபது சதவீதச் சாராயத்தில் கொஞ்சம் விட்டுப் பார்த்தால் போதும்: நல்ல புதுத்தைலம் தெளிவாகக் கரையும், கலப்படம் கலங்கி நிற்கும். வெயிலும் காற்றும் பட்டால் சிட்ரால் குறையும் என்பதால், தைலத்தை நிறம் அடர்ந்த சீசாவில் வாய்வரை நிரப்பி நிழலில் வைக்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

இதற்கு அயல்நாட்டு நிபுணர் வர வேண்டியதில்லை. மூணாற்றிலும் உடுமலைப்பேட்டையிலும் உள்ள கல்லூரிகளின் ரசாயன ஆசிரியர்கள், விடுமுறையில் நாலு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மறையூருக்கு வந்து, ஒவ்வொரு குடியிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞருக்கோ பெண்ணுக்கோ இந்தப் பரிசோதனையைப் பழக்கிவிட வேண்டும். ஒவ்வொரு சீசாவின்மேலும் சதவீதத்தை எழுதி ஒட்டியே தைலம் குடியைவிட்டு வெளியேற வேண்டும்.