221/331

மேசை இழுப்பறையை ஒழிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஒடித்த சீப்பு மாதிரி எட்டுப் பல், முதுகில் பொடி எழுத்தில் 221/331. பார்த்ததும் 1997-இல் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு மாடியறையில் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். அச்சகத்து ஸ்கேனர், பெரிய டிஸ்க் எல்லாம் ஸ்கஸி (SCSI) என்ற இணைப்பில்தான் ஓடும். கம்ப்யூட்டரில் உள்ள கார்டிலிருந்து டிஸ்க் பெட்டி, அங்கிருந்து ஸ்கேனர் என்று கேபிள் ஒரே சரமாகப் போகும். சரத்தின் இரண்டு கோடியிலும் டெர்மினேட்டர். அந்த அச்சகத்தில் முருகன் படம் பாதி ஏறும்போதே மெஷின் நின்றுவிடும். இரண்டுக்கு மூன்றாக இருக்கட்டுமே என்று, நடுவிலிருந்த டிஸ்க்கிலும் ஒரு டெர்மினேட்டராக இந்தச் சீப்புகள் மூன்றைச் செருகினேன். அதுவரை பாதியாவது ஓடியது, அதுவும் போச்சு. "கார்டு போயிருச்சு அண்ணாச்சி" என்றேன்.

புதுக் கார்டு போட்ட அன்றே சீப்புகளை உருவினேன், கேபிளையும் மாற்றினேன். பழையது எடையே இல்லாத மலிவுச் சரக்கு. நல்ல ஸ்கஸி கேபிளைக் கையில் தூக்கினாலே தெரியும்: உள்ளே 25 ஜோடிக் கம்பி, ஒவ்வொரு சிக்னலும் தன் தரைக் கம்பியோடு முறுக்கியிருக்கும். சரம் முழுவதும் சேர்த்து 6 மீட்டர் தாண்டக்கூடாது. வேகம் கூடினால் 3 மீட்டர்தான். ஸ்கேனர் ஓடியது. பெயர் புதுக் கார்டுக்குப் போனது.

டெர்மினேட்டர் எதற்கு என்பது எனக்கு விளங்கியது மேலூர்ப் பக்கம், பெரியாறு வாய்க்காலில். ஷட்டரைச் சடாரென்று இறக்கினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி, அலையாக வந்த வழியே திரும்பி ஏறும். வெறும் முனையில் சிக்னலும் அப்படித்தான் திரும்பிவந்து அடுத்த சிக்னல்மேல் விழும். கேபிளுக்கு ஒத்த ரெசிஸ்டர் முனையில் இருந்தால் அங்கேயே அடங்கிவிடும்.

ஒத்த ரெசிஸ்டர் என்றால் இந்த எண் எப்படி வந்தது? 221 என்பது 22-க்குப் பின் ஒரு சுழி, 220 ஓம். 331 அதேபோல் 330. முதலாவது 5 வோல்ட்டுக்கு, மற்றது தரைக்கு. சிக்னலுக்கு இரண்டும் சேர்ந்து 132 ஓம். ரிப்பன் கேபிளோ சுமார் 100 ஓம். பிறகு ஏன் 100 வைக்கவில்லை? 'இரண்டு முனையிலும் போடு' என்று சொன்ன கையேடுகள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஸ்கஸியின் பூர்வீகத்தைத் தோண்டினேன். 1979-இல் கலிபோர்னியாவில் ஷுகார்ட் அசோசியேட்ஸ் செய்த இணைப்பு அது. 1986-இல்தான் அமெரிக்கத் தரநிலை ஆனது. ஷுகார்ட் அதற்கு முன்பே பிளாப்பி டிரைவுக்குப் பேர்போன கம்பெனி. பிளாப்பி கேபிளில் 150 ஓம் ரெசிஸ்டர் ஒரு கோடியில் மட்டும். ஏன் ஒன்று மட்டும்? விடை ஒரு பழைய டிடிஎல் டேட்டா புக்கில் இருந்தது. அந்தக் காலத்தில் கேபிளை ஓட்டிய 7438 என்ற சில்லு, கம்பியைக் கீழே இழுக்கும்போது 48 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். 150 ஓமில் 33 ஓடும். இரண்டு வைத்தால் 66.

பென்சிலை எடுத்தேன். ஸ்கஸியும் ஒரு சில்லுக்கு 48 என்றே வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் நீண்ட சரம், இரண்டு கோடியும் அடைபட வேண்டும். 5 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23, இரண்டுக்கும் 45. மயிரிழையில் தப்பிக்கிறது. 100 ஓம் கேட்கும் கேபிளுக்கும் அதைச் சுமக்க முடியாத சில்லுக்கும் நடுவே பேரம் பேசி முடித்த எண் இது. பின்னால் வந்த ஆக்டிவ் டெர்மினேட்டர், 5 வோல்ட்டை 2.85-ஆகக் குறைத்துவிட்டு 110 ஓம் வைத்தது. கேபிளுக்கும் கிட்ட வந்தது, 48-ஐ ஒட்டியும் நின்றது. கெட்டிக்காரத்தனம்.

அப்புறம்தான் அன்று நடு டிஸ்க்கில் நான் செருகிய மூன்றாவதைக் கூட்டினேன். 68.

சில்லு இழுத்திருக்கும், கம்பி இறங்கியிருக்காது. பரணில் ஏறி, அண்ணாச்சியிடமிருந்து 'செத்துப்போனது' என்று வாங்கிவந்த அந்தக் கார்டைத் தூசி தட்டினேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டி, டிஸ்க்கை முனையில் வைத்து, இரண்டு கோடியை மட்டும் அடைத்தேன். முதல் தடவையிலேயே டிஸ்க்கின் பெயர் திரையில் வந்தது.