வாசலுக்கு வராத கடன்

(பன்னிரண்டாம் வகுப்பு, கணக்குப்பதிவியல் பிரிவு மாணவி)

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கிய பணமும் கடன். நாம் செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். பெட்டிக்கடையில் எழுதி வைத்து வாங்கும் பருப்பும் கடன்; பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆற்ற வேண்டியதும் கடன். 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில், எங்கள் வீட்டில் இவ்விரண்டு வகைக் கடனையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. அந்தத் தாள் எங்களுக்குக் கற்பித்ததைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எரியோடு. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் உள்ள பேரூர். மானாவாரி நிலம் மிகுந்த பகுதி. வானம் பொய்த்தால் கிணறும் பொய்க்கும். எனவே நிலத்தை மட்டும் நம்பியிராமல் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வேலைக்குச் செல்வோர் இங்குப் பலர். என் தந்தை நூற்பாலைத் தொழிலாளி. அண்ணன் திருப்பூரில் வேலை செய்கிறார். அம்மா மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர். அப்பத்தா நாலைந்து ஆடுகளை வளர்த்து வருகிறார்.

2024 ஆம் ஆண்டு என் தந்தை இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பின் மூன்று மாதங்கள் வேலை இல்லை. அண்ணன் தம்மிடமிருந்த கிரெடிட் கார்டைத் தேய்த்து மருத்துவமனைக்குப் பணம் கட்டினார். வீட்டுச் செலவுக்காக அம்மா, வாரந்தோறும் வசூலிக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். மகளிர் குழுவிலும் கொஞ்சம் எடுத்தார். என் அத்தை, யாரும் கேட்காமலேயே 10,000 ரூபாயைக் கைமாற்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஓராண்டு கழிந்தது. தந்தை எழுந்து நடந்தார். ஆனால் கடன் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்தச் சமயத்தில் உறவினர் ஒருவர் வந்து என் தந்தையிடம், "மச்சான், பாப்பா பன்னிரண்டாவது முடிச்சதும் ஒரு வருசம் மில்லுக்குப் போகட்டும், கடன் தன்னால அடைஞ்சிரும்" என்றார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். எங்கள் பகுதியில் அப்படிச் சென்ற பெண்கள் பலர்; அவர்களில் சிலர் எனக்கு அக்காமார் போன்றவர்கள். 'ஒரு வருசம்' என்று போனவர்கள் மறுபடியும் புத்தகத்தைத் தொடுவது அரிது. என் தந்தை பதில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னைப் பயமுறுத்தியது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின் எல்லோரும் திண்ணையில் அமர்ந்தோம். கணக்குப்பதிவியல் படிப்பவள் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதியது இது:

1. கிரெடிட் கார்டு: 60,000 ரூபாய்.
2. வாரக் கடன்: 24,000 ரூபாய்.
3. மகளிர் குழுக் கடன்: 15,000 ரூபாய்.
4. அத்தையின் கைமாற்று: 10,000 ரூபாய்.

தொகையை எழுதியாயிற்று. வட்டியை எழுதப் புகுந்தபோதுதான் குழப்பம் வந்தது. ஏனெனில் ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு மொழியில் பேசுகிறது. கார்டுக்காரர்கள் மாத விழுக்காட்டில் சொல்கிறார்கள். நிதி நிறுவனம் ஆண்டு விழுக்காட்டில் எழுதுகிறது. நம் ஊரிலோ 'நூற்றுக்கு இத்தனை ரூபாய் வட்டி' என்றுதான் பேச்சு. வெவ்வேறு படியில் அளந்த நெல்லை ஒப்பிட முடியுமா? ஆகவே எல்லாவற்றையும் ஊர்க்கணக்குக்கே மாற்றினேன். குழுக்கடன் ஒரு ரூபாய் வட்டி. வாரக் கடன் ஆண்டுக்கு 24 விழுக்காடு. அதாவது இரண்டு ரூபாய் வட்டி. கார்டு மாதம் 3.5 விழுக்காடு, அதாவது மூன்றரை ரூபாய் வட்டி. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு நான்கு ரூபாய் 13 காசு.

அப்பத்தா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். "நாலு வட்டியா? நம்ம ஊருல நாலு வட்டிக்கு எவனாச்சும் கையெழுத்துப் போடுவானா?" என்றார். கடைத்தெருவில் யாராவது அந்த வட்டி கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் எவரும் வாங்கியிருக்க மாட்டார்கள். விழுக்காடு என்ற உடை உடுத்தி வந்ததால் அதை அடையாளம் காண முடியவில்லை.

அண்ணன் மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டியே வந்தார். ஆனால் அவர் கட்டியது, பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்ததை. அது நிலுவையில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 60,000 ரூபாய்க்கு 3,000 ரூபாய். அதில் வட்டிக்கு 2,100 ரூபாய் போகும். வரிக்கு 378 ரூபாய் போகும். அசலில் கழிவது 522 ரூபாய் மட்டுமே. இப்படியே ஓராண்டு கட்டினால், கையை விட்டுப் போவது சுமார் 34,000 ரூபாய். அசலில் குறைவது 6,000 ரூபாய் அளவே. நிலுவை இருக்கும் வரையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைப்பதில்லை. 2022 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகள், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்கின்றன. ஆனால் அது பொடி எழுத்தில் இருந்தால் யார் படிப்பது?

வட்டிக்கு வரம்பு இல்லையா என்று என் தந்தை கேட்டார். தனியார் வாங்கும் கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் உண்டு. கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் தீர்ப்புக் கூறியது. ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே இதில் நம்மைக் காக்க வேண்டியது நம் கணக்கேயன்றி வேறில்லை.

இவ்வளவு தின்னும் கடனை ஓராண்டாக நாங்கள் ஏன் கவனிக்கவில்லை? விடை எளிது. அது வாசலுக்கு வரவில்லை. வாரக் கடன் வசூலிப்பவர் புதன்தோறும் தெருவில் வந்து நிற்பார். அவரைப் பார்த்ததும் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். அரிசிப் பானையில் ஒளித்த பணமும் வெளியே வரும். கார்டு அப்படி நிற்காது. அண்ணனின் கைப்பேசியில் 'டிங்' என்று ஒரு செய்தி, அவ்வளவே. வாசலில் நிற்பவருக்கு முதலில் கொடுக்கிறோம். அரவமில்லாமல் தின்பதற்குக் கடைசியில் கொடுக்கிறோம். மானத்துக்கு அஞ்சிக் கொடுக்கும் வரிசை வேறு; கணக்குச் சொல்லும் வரிசை வேறு.

இனி என்ன செய்வது? ஆளுக்கொரு யோசனை வந்தது. தந்தை, வசூல்காரர் தொல்லை தீர வாரக் கடனை முதலில் முடிக்கலாம் என்றார். அண்ணன், கார்டு நிலுவையை மாதத் தவணையாக மாற்றலாம் என்றார். அவர் விசாரித்தபோது ஒன்றரை ரூபாய் வட்டியும் தனிக் கட்டணமும் சொன்னார்களாம். அம்மா சற்று நேரம் பேசாதிருந்து, பின் என்னைப் பார்த்தார். "உன் சங்கிலியை அடகு வைக்கலாமா, தாயி?" என்று கேட்டார்.

அது இரண்டு பவுன் சங்கிலி. என் திருமணத்துக்கென்று அப்பத்தா சேர்த்து வைத்தது. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று தெரிந்துகொண்டோம். ஊர்க்கணக்கில் 83 காசு வட்டி. நான்கு ரூபாய் வட்டிக் கடனை 83 காசு வட்டிக் கடனால் தீர்ப்பது என்பதே அம்மாவின் யோசனை.

நகையை அடகு வைப்பது என்றாலே முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் கொடிய வட்டியிலிருந்து ஏழைகளை மீட்கத் திருச்சபையே அடகுக் கடை நடத்திய வரலாறு உண்டு. 1462 இல் இத்தாலியின் பெருஜியா நகரில், பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால் அத்தகைய நிதி ஒன்று தொடங்கப்பட்டது. ஏழைகள் பொருளை ஈடு வைத்துச் சொற்ப வட்டிக்குப் பணம் பெற்றார்கள். அந்தச் சிறு வட்டியும் தகுமா என்ற வாதம் எழுந்தபோது, நிர்வாகச் செலவுக்கு மட்டும் அது ஏற்கத்தக்கதே என்று 1515 இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் முடிவு செய்தது. ஜெர்மனியில் ராய்பைசன் என்பவர் 19 ஆம் நூற்றாண்டில் உழவருக்குக் கடன் சங்கங்களை அமைத்தார். நம் மாநிலத்தில் 1904 இல் திருவள்ளூர்ப் பகுதியின் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. 1989 இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டமும் இதே வழியில் வந்ததுதான். அம்மா அறியாமலேயே ஐந்நூறு ஆண்டுப் பழைய வழியொன்றைச் சொல்லியிருந்தார்!

எனினும் இதில் ஓர் ஆபத்து உண்டு. கார்டுப் பணம் கட்டத் தவறினால் வங்கி கடிதம் அனுப்பும், வழக்குத் தொடுக்கும். நகைக்கடனைக் கட்டத் தவறினால் நகையே ஏலத்துக்குப் போகும். மேலும், கார்டு காலியானதும் மறுபடி தேய்க்கத் தொடங்கினால் ஒரு கடன் இரண்டு கடனாகும். ஆகவே நான் "சரி" என்று சொன்னபோது, என் தந்தை மூன்று நிபந்தனைகளை விதித்தார். முதலாவது, கார்டை மூடிவிட வேண்டும். இரண்டாவது, சங்கிலிக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்கக் கூடாது. நமக்கு எவ்வளவு தேவையோ அதை மட்டும் வாங்க வேண்டும். மூன்றாவது, கார்டுக்குக் கட்டி வந்த அதே 3,000 ரூபாயை மாதந்தோறும் சங்கத்தில் கட்ட வேண்டும்.

இன்னும் ஒரு கடன் மீதம் இருந்தது. அத்தையின் 10,000 ரூபாய்க்கு வட்டியே இல்லை. அதிக வட்டிக் கடனை முதலில் அடை என்பது ஒரு முறை. சிறிய கடனை முதலில் முடித்து மனத்துணிவு பெறு என்பது இன்னொரு முறை. முதல் முறைப்படி அத்தையின் பணம் வரிசையில் கடைசி. ஆனால் அத்தையின் மகளுக்கு ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அதை அத்தை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. "அவங்க வட்டி கேக்கலைங்கிறதுக்காக அவங்களைக் கடைசியில வைக்கக் கூடாதுங்க" என்றார் அம்மா. வாசலுக்கு வராத கடனில் இதுவும் ஒன்று என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்று வராமலே நம்மைத் தின்றது. மற்றொன்று வராமலே நமக்காகப் பொறுத்தது.

அடுத்த வியாழக்கிழமை அப்பத்தா இரண்டு கிடாய்களை அய்யலூர்ச் சந்தைக்கு அனுப்பினார். 20,000 ரூபாய் வந்தது. சங்கிலியின் மேல் 50,000 ரூபாய் வாங்கினோம். மொத்தம் 70,000. அதில் 60,000 கார்டுக்கு, 10,000 அத்தைக்கு. வாரக் கடனும் குழுக் கடனும் வழக்கம்போல் தவணையில் நடக்கட்டும் என்று விட்டோம். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்று அதே 2022 விதிகள் கூறுகின்றன. அண்ணன் எழுதிக் கேட்டார், கார்டு மூடப்பட்டது.

மாதம் 2,478 ரூபாய் தின்ற இடத்தில் இப்போது முதல் மாத வட்டி 417 ரூபாய். அதுவும் மாதந்தோறும் குறைகிறது. அதே 3,000 ரூபாயை விடாமல் கட்டினால் 18 மாதங்களில் சங்கிலி வீடு வந்துவிடும். மில்லிலிருந்து இன்னொரு சம்பளம் தேவைப்படவில்லை. அந்தத் தாளை அப்பா அந்த உறவினரிடம் காட்டினார். அவரும் படித்துப் பார்த்து, "அப்ப பாப்பா படிக்கட்டும்" என்றார்.

"அரசாங்கம் தள்ளுபடி செய்யும், ஏன் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. 2021 இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன்களைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது உண்மை. ஆனால் தகுதி விதிகளால் அதில் சேராதவரும் மிகப் பலர். பழைய ஏற்பாட்டில், ஏழாம் ஆண்டுதோறும் கடனை விட்டுவிடச் சொல்கிறது இணைச்சட்ட நூல். அது கடன் கொடுத்தவனின் இரக்கத்துக்குச் சொல்லப்பட்டது; வாங்கியவன் கைகட்டிக் காத்திருப்பதற்கு அன்று.

அன்புத் தோழியரே! இது நம் வயதுக்கு உரிய பேச்சன்று என்று எண்ணாதீர்கள். நம் வீட்டுக் கடன் நம் படிப்பின் மேலும் வந்து விழக்கூடியது. எனவே ஒரு ஞாயிறு மாலை உங்கள் வீட்டிலும் ஒரு தாளை எடுங்கள். எல்லாக் கடனையும், யார் முகத்தையும் பாராமல், ஒரே அளவையில் எழுதுங்கள். நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். அதிகம் தின்பதை முதலில் நிறுத்துங்கள். வட்டி கேட்காமல் கொடுத்தவரின் தேவையையும் மறவாமல் எழுதுங்கள்.

இதுவரை ஒன்பது மாதப் பணம் கட்டியாயிற்று. இன்னும் 26,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்ப்பது எங்கள் கடன். தேர்வில் நன்றாக எழுதுவது என் கடன்.